கேட்ட சாட்சி

எங்கள் சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாட்சி என்றால் ஒரே அர்த்தம்தான். கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வது. பரீட்சையில் தேறியதற்குச் சாட்சி சொல்வார்கள். மாற்றல் கிடைத்ததற்கும், பஸ் கவிழ்ந்தும் கீறல்கூட இல்லாமல் வந்ததற்கும் சொல்வார்கள். ஒரே சாட்சியை வருஷா வருஷம் சொல்கிறவர்களும் உண்டு. நான் அந்த வகை. சாட்சி என்ற சொல்லுக்கு ஊரில் இன்னொரு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயது வரைக்கும் அந்த இரண்டு அர்த்தங்களும் என் தலைக்குள் ஒன்றை ஒன்று சந்தித்துக்கொண்டதே இல்லை.

என் சாட்சி பசுமலைப் பக்கத்தில் கொஞ்சம் பேர் போனது. எனக்கு மூன்று வயதில் டைபாய்டு காய்ச்சல். பத்தொன்பது நாளாகியும் விடவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். உபதேசியாராக இருந்த அப்பா கிராமங்களுக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா தனியாக முழங்காலில் நின்றாள். காலையில் நின்றவள் எழுந்திருக்கவே இல்லை. பிற்பகல் சரியாக மூன்று மணிக்கு, நம் ஆண்டவர் சிலுவையில் உயிர் விட்ட அதே நேரத்தில், என் காய்ச்சல் விட்டது. "மூன்று மணி" என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்தச் சூட்சுமத்தைப் பத்து வயதிலேயே பிடித்துக்கொண்டேன். நிறுத்தினால் பெண்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்" என்று வரும். வராவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தச் சாட்சியில்தான் அம்மாவின் மரியாதையும் இருந்தது. அப்பா இறந்த பிறகு அவள் நாலாம் வகுப்பு டீச்சராக மட்டும் இருக்கவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் நடத்துகிறவளும் அவள்தான். யார் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெற்ற பிள்ளையை ஜெபத்தாலேயே பிழைக்க வைத்தவள் என்ற பெயர் அவளுக்கு இருந்தது. பிழைத்த பிள்ளை நான் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசியில், பயிற்சிப் பள்ளியை முடித்துவிட்டு நானும் டீச்சரான புதிதில், வாலிபர் ஐக்கியத்தில் கிராம ஊழியத்துக்குக் கூப்பிட்டார்கள். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊர். கிறிஸ்தவர் வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஐக்கியத்தின் செயலாளர் பாங்கில் கிளார்க், ஆர்மோனியமும் அவரேதான். முந்தின வாரமே அந்த ஊர் டீக்கடையில், வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து சாட்சி சொல்ல ஆள் வருகிறது என்று தகவல் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது ஊர் கூடுகிற மந்தைப் பொட்டலில் நிற்க இடமில்லை. இம்புட்டுக் கூட்டத்தை நான் எங்கள் கன்வென்ஷனில்கூடப் பார்த்ததில்லை. ஆண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் உபவாசத்துக்குக் கிடைத்த பலன் என்று செயலாளர் என் காதில் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பாட்டுப் பாடினோம், ஒருவரும் அசையவில்லை. பிறகு நான் எழுந்து, சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு கேட்டார். "எந்தக் கட்சிக்கு?"

அரசியலைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை, எங்களுக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கியது. "கட்சி இல்லாம எப்படித் தாயி சாட்சி? மேலத்தெருவுக்கா, கீழத்தெருவுக்கா?"

விஷயம் வெளியே வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. கண்மாய் மடையை யார் திறப்பது என்று அந்த ஊரின் இரண்டு தெருக்களுக்கும் ஒரு வருஷமாக கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. மடையை உடைத்ததைப் பார்த்த ஆள் மதுரையில் யாரோ இருக்கிறார், அவர் வந்து சொல்லப்போகிறார் என்று இரண்டு தெருவும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தன. இது சாமி விஷயம் என்று செயலாளர் விளக்கியதும் பாதிப் பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். எங்கள் மேல் அவர்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஏமாந்த முகம்தான்.

மடியில் துண்டோடு இருந்தவர் போகவில்லை. மூன்று கேஸில் கூண்டு ஏறியவர் என்று பக்கத்தில் இருந்தவன் அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தினான். வந்ததுதான் வந்துவிட்டீர்கள், சொல்லுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்தார். சொன்னேன். மூன்று மணியில் நிறுத்தினேன். ஸ்தோத்திரம் வருகிற இடத்தில் அவர் குரல் வந்தது.

"அன்னைக்கு ஒங்களுக்கு எத்தன வயசு?"

"மூணு."

"ஒங்களுக்கு நெனப்பு இருக்கா?"

இல்லை என்றேன். டாக்டர் சொன்னதை யார் கேட்டது, மணியை யார் பார்த்தது என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா, அம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. மடை கேஸில் எவனாவது இப்படி வந்து நின்றால் என்ன கேட்பாரோ அதையேதான் என்னிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப சாட்சி ஒங்கம்மால்ல? நீங்க கேட்ட சாட்சி. இது கோர்ட்ல நிக்காது டீச்சரம்மா. கண்ட சாட்சியக் கூட்டிட்டு வாங்க."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த மாதம் வருகிறேன், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சவால் விடுகிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கோபம் செக்கானூரணி வரைக்கும்தான் என்னோடு வந்தது. அதற்கப்புறம் வேறு ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவரும் கதையில் நான் எங்கே படுத்திருந்தேன்? பாயிலா, கட்டிலிலா? எங்கள் வீட்டில் அப்போது கடிகாரமே கிடையாதே, மூன்று மணி என்று யாருக்கு எப்படித் தெரிந்தது? பஸ் மதுரைக்குள் நுழைவதற்குள் இப்படி ஏழெட்டுக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. வெட்கமாகவும் இருந்தது, ஒரு சின்ன குறுகுறுப்பாகவும் இருந்தது. என்னுடைய விஷயத்தையே யாரோ பூட்டி வைத்திருந்த மாதிரி பட்டது.

மறுநாள் சாயங்காலம் அம்மா நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். கடிகாரத்திலிருந்து ஆரம்பித்தேன். மணி எப்படித் தெரியும்? மில் சங்கு ஊதியது, மூன்று மணி ஷிப்டுக்கு, என்றாள். சங்கு ஊதும்போது நீங்கள் என்ன ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள்? சிவப்புப் பென்சில் நோட்டின் மேலேயே நின்றுவிட்டது. இதெல்லாம் எதற்கு இப்போது என்றாள். நான் விடவில்லை. மந்தையில் என்னை மடக்கிய அந்தக் கோர்ட்டுக்காரர் மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்படிக் கேட்டதற்குப் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறேன். கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்று மட்டும் ஒருபோதும் நினைத்ததில்லை.

"நான் தூங்கிட்டேன்" என்றாள் அம்மா.

மூன்று ராத்திரி கண் மூடாதவள் அன்றைக்கு உச்சி வேளையில் முழங்காலில் நின்றிருக்கிறாள். நின்றபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருக்கிறாள். காம்பவுண்டில் பக்கத்து வீட்டுக்காரி, மில் தொழிலாளியின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத் துணி போட்டிருக்கிறாள். டீச்சர், டீச்சர் என்று அவள் உலுக்கியபோதுதான் அம்மா விழித்தது. அப்போது என் உடம்பு வேர்த்திருந்தது. நெற்றியில் திருநீறும் இருந்தது. நாலு மணிக்கு பாஸ்டர் ஐயா வருவதாக இருந்ததால் அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். ஐயாவிடம் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன், மூன்று மணிக்குக் காய்ச்சல் விட்டது. சிலுவையையும் மூன்று மணியையும் சேர்த்தது அந்த வாரப் பிரசங்கம். மற்றதெல்லாம் கோயிலிலேயே வளர்ந்துகொண்டது. வளர்ந்ததை வெட்டுவதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதைத்தான் நான் பத்து வயதில் மனப்பாடம் செய்து மைக்கில் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.

"நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க" என்றாள். "ஆனா இத்தன பேர் பிள்ளையத் தூக்கிட்டு என்கிட்ட வாராங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. ஆனால் கேள்விகள் அதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டன. அம்மா தூங்கியிருந்தால் அவளும் கேட்ட சாட்சிதானே. கண்ட சாட்சி காம்பவுண்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பத்தொன்பது வருஷம் கழித்தாவது கேட்டாயே என்று குடத்தைத் திருப்பி வைத்தாள். பாயில்தான் படுக்க வைத்திருந்தார்களாம். கோரைப்பாய், ஓரம் பிய்ந்தது. உச்சியிலிருந்து துணியை நனைத்து நனைத்துப் போட்டாளாம். உதடு வெடித்திருந்ததால் விரலால் தண்ணீர் தொட்டு வைத்தாளாம். சங்கு ஊதுகிற நேரத்துக்குக் கழுத்தடியில் வேர்த்ததாம். அந்தப் பிய்ந்த பாயை எங்கள் சபையில் ஒரு தடவைகூட யாரும் சொன்னதில்லை.

மாரியம்மனுக்கு மூன்று வருஷம் தீச்சட்டி எடுப்பதாக அன்றைக்கு வேண்டிக்கொண்டாளாம், எடுத்தும் முடித்தாளாம். அந்தத் தீச்சட்டி எனக்கு நினைவிருந்தது. பங்குனி மாதம் மஞ்சள் சேலையில் அத்தை கிளம்புவதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன். எதற்கு எடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டால், பிள்ளைக்காக என்பாள். அத்தைக்குக் குழந்தை இல்லை என்பது காம்பவுண்டுக்கே தெரியும்.

"நீங்க பிள்ளைக்காகத்தானே சட்டி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா. ஏன், நீ பிள்ள இல்லையா?"

குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறது என்று அவள் அடுத்த குடத்தை வைத்தாள். விட்டால் போய்விடுவாள் என்று அவசரமாகக் கேட்டேன். அப்படியானால் என்னைக் காப்பாற்றியது யார், அம்மாவின் சாமியா, மாரியம்மனா?

"அத நான் பாக்கலையே. நான் துணி நனச்சுக்கிட்டிருந்தேன்ல."

அடுத்த மாதம் சொன்னபடியே மேற்கே போனேன். இந்தத் தடவை கூட்டம் இல்லை. பதினோரு பேரும் கொஞ்சம் ஆடுகளும்தான். கோர்ட்டுக்காரர் வந்திருந்தார். அம்மாவைச் சொன்னேன், அத்தையைச் சொன்னேன், திருநீற்றையும் விடவில்லை. செயலாளர் ஆர்மோனியப் பெட்டியைப் படாரென்று மூடினார். கோர்ட்டுக்காரர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒங்கம்மா தூங்கிருச்சு. அந்தம்மா முழிச்சிருந்துச்சு, சாமியப் பாக்கல. காய்ச்ச விட்டதுல ரெண்டு கட்சிக்கும் தகராறு இல்ல. அம்புட்டுத்தான் நிக்கும்."

"மத்தது?"

"மத்ததுக்கு வாய்தா."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இதை உங்கள் கோயிலில் சொல்லியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்ககிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? நாங்க எப்படியும் நம்பப்போறதில்ல. நம்புறவுககிட்டல்ல சொல்லணும்." உடனே பின்னாலிருந்து ஒருவன், இந்தக் கோர்ட்டுக்கார அண்ணன் போன கேஸில் புரோட்டா வாங்கிக் கொடுத்த பக்கம் சாட்சி சொன்ன கதையை ஆரம்பித்தான். மந்தை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறிவிட்டது. ஒத்துக்கொள்ளாத ஆட்களிடம் பேசுவதற்காகத்தான் இருபது மைல் பஸ்ஸில் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்கள் எங்கள் கோயிலுக்குள்ளேயே இருந்தார்கள்.

சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. வழக்கம்போல பாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். சொல்லப்போகிறேனா இல்லையா என்று அம்மா கேட்கவில்லை. அன்று காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டாள், அவ்வளவுதான். பத்து வயதுக்கு மேல் அவள் எனக்குத் தலை பின்னியதே இல்லை.

மைக் முன்னால் நின்றேன். டைபாய்டு, பத்தொன்பது நாள் என்று பழக்கப்பட்ட வாய் தானாக ஓடியது. மூன்று மணி வந்ததும் வழக்கம்போல நின்றது. பெண்கள் பக்கம் ஸ்தோத்திரம் வந்தது. பிறகு நான், "இதில் எதையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் சொல்லக் கேட்டதுதான்" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. மிச்சம் என்னுடையது இல்லை. அது அம்மாவுடையது. அவள் மானத்தை மைக்கில் எடுத்துப் போட நான் யார்? இறங்கிவிடலாம் என்று காலைத் தூக்கினேன்.

பெண்கள் வரிசையில் அம்மா எழுந்தாள். மைக் பக்கம் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே வகுப்பறைக் குரலில் பேசினாள். "நான் அன்னைக்கு ஜெபம் பண்ணிக்கிட்டே தூங்கிட்டேன். என் பிள்ளைக்குத் துணி நனச்சுப் போட்டது பக்கத்து வீட்டு அம்மா. அவங்க சாமிக்கும் வேண்டிக்கிட்டாங்க. இத்தன வருஷமா நான் இதச் சொல்லல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாஸ்டர் ஐயா எந்தப் பாட்டு என்று எண்ணைச் சொல்லாமலே பாட்டை ஆரம்பித்தார். சபை ஆளுக்கொரு அடியில் வந்து சேர்ந்துகொண்டது. நான் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை ஜில்லென்று இருந்தது.

அவள் பயந்த மாதிரியேதான் நடந்தது. அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டுக்கு யாரும் ஜெபத்துக்கு வரவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் வேறொருவரை ஜெபம் நடத்தச் சொன்னார்கள். அம்மா ஸ்கூல் விட்டு வந்ததும், ஜெபத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு வழக்கமாகப் பாய் விரிக்கிற இடத்தைக் கூட்டிவிட்டு, பாயை விரிக்காமல் நோட்டுகளை எடுத்துக்கொள்வாள். என் குறுகுறுப்புக்கு அவள் விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு, நானும்தானே பத்தொன்பது வருஷம் தூங்காத மாதிரி இருந்தேன் என்றாள்.

நாலாவது வாரம் ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. எங்கள் சபைப் பெண்தான். பண்டிகையன்று சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னவர்களில் ஒருத்தி. தோளில் ஒரு வயதுப் பையன், காய்ச்சலில் துவண்டு கிடந்தான். அம்மா ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள். பையனைப் படுக்க வைத்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழங்காலில் நின்றாள்.

அந்தப் பெண் உடனே முழங்காலில் நிற்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "டீச்சர், பக்கத்து வீட்டு அம்மாவும் இருக்காங்களா?"

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"போ, அத்தையக் கூட்டிட்டு வா" என்றாள். "அப்படியே ஒரு துணியும் கொண்டுவரச் சொல்லு."